சூடேறும் இந்தியப் பெருங்கடல்: மொரிசியஸ் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தைப்பூசக் காவடி எடுக்கும் பருவமும் புயல் வரும் பருவமும் இங்கே ஒன்றுதான். அதனால் டிசம்பர் பிறந்துவிட்டால் கோவில் மண்டபத்திலும் கடை வாசலிலும் பேச்சு தானாக வானிலைக்குத் திரும்பிவிடும். எல் நினோ, இருமுனை என்று செய்தியில் கேட்டுவிட்டு வந்து விளக்கம் கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன் போட்டு "அங்கே ஏன் இவ்வளவு புயல்?" என்று விசாரிக்கும் சொந்தக்காரர்களும் உண்டு. அப்படி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பாதிக் கேள்வி இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலில் வந்தது. எல்லாவற்றையும் தமிழில் எழுதிவிட்டேன்.

புகை விடுவது பெரிய நாடுகள். அது நம் கடலுக்கு எப்படி வந்து சேர்கிறது?

கரியமில வாயுவுக்கு எல்லைக்கோடு கிடையாது. ஷாங்காய் மின்நிலையம் விட்டாலும் சரி, நம் தலைநகர் போர்ட் லூயியின் பேருந்து விட்டாலும் சரி, ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுக்கக் கலந்துவிடும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் இந்த வாயு சுமார் 280 பங்கு இருந்தது. 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலைமேல் அளக்கத் தொடங்கியபோது 315. 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் இதற்குத் துணை.

பசுங்குடில் வாயுக்கள் வெயிலை உள்ளே விடும். பூமி திருப்பி அனுப்பும் வெப்பத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்படித் தங்கிப்போகும் கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலுக்குள் போகிறது. நாம் காற்றில் உணர்வது மிச்சம் மீதியைத்தான். மொரிசியஸ் வெளியிடும் வாயு உலகக் கணக்கில் கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் நாலாபுறமும் இருக்கிற கடல் கணக்குப் பார்த்து வெப்பத்தை வாங்குவதில்லையே.

இந்தியப் பெருங்கடல் மற்ற கடல்களைவிட வேகமாகச் சூடாகிறதாமே?

ஆமாம். 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி 0.7 டிகிரி.

காரணம் ஒன்றல்ல. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: பசிபிக்கும் அட்லாண்டிக்கும் வடக்கே வெகுதூரம் வரை திறந்து கிடக்கின்றன, நம் கடலுக்கு மட்டும் வடக்கே ஆசியா கூரை போட்டு மூடிவிட்டது. சூட்டை வடக்கே கொண்டுபோய்க் கொட்ட வழியில்லை. கிழக்கே இந்தோனேசியத் தீவுகளின் இடுக்குகள் வழியாகப் பசிபிக்கின் வெதுவெதுப்பான நீர் ஓயாமல் உள்ளே வருகிறது. 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் பசிபிக் விழுங்கிய வெப்பத்தில் பெரும் பங்கு இந்த வழியாகத்தான் நம் பக்கம் வந்து சேர்ந்தது. போதாக்குறைக்கு, பசிபிக்கில் எல் நினோ என்ற சூடேற்றம் வரும்போதெல்லாம் அதன் சூட்டையும் இந்தக் கடல் வாங்கிக்கொள்கிறது.

எல் நினோ பசிபிக்கில் நடப்பது. ஆப்பிரிக்கா பக்கம் கிடக்கும் நமக்கு அதனால் என்ன?

கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

வழக்கமான ஆண்டில் பசிபிக்கின் நடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்கே வணிகக் காற்று வீசுகிறது. வெதுவெதுப்பான மேல்நீரை அது இந்தோனேசியா பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளித் தள்ளி, இந்தோனேசியக் கரையில் கடல் மட்டம் ஈக்வடார் கரையைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அந்தச் சூடான நீரின்மேல் காற்று ஈரத்தோடு மேலெழும்பி மழையாகக் கொட்டுகிறது. மேலே போன காற்று கிழக்கே ஓடி, பெரு நாட்டுக்கு எதிரே உள்ள குளிர்கடல்மேல் இறங்குகிறது. இந்தச் சுற்றுக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர்.

பெயருக்குரிய கில்பர்ட் வாக்கர் 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவர். அடிப்படையில் கணிதக்காரர். பருவமழை பொய்ப்பதை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி, உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தக் கணக்குகளை வரவழைத்து அடுக்கினார். பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது, அங்கே இறங்கும்போது இங்கே ஏறுகிறது என்று கண்டுகொண்டார். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. 1969-ல் வானிலை அறிஞர் ஜேக்கப் பியர்க்னஸ் அந்த ஏற்ற இறக்கத்தைக் கடல்நீரின் சூட்டோடு முடிச்சுப் போட்டு, சுழற்சிக்கு வாக்கரின் பெயரையே வைத்தார்.

எல் நினோ ஆண்டில் வணிகக் காற்று தளர்கிறது. குவித்து வைத்த சூடான நீர் கிழக்கே வழிகிறது, மழைமேகமும் அதன் பின்னால் போகிறது. இந்தோனேசியா மேல் ஏறிக்கொண்டிருந்த காற்று இடம் மாறியதும், அங்கிருந்து மேற்கே நம் பக்கம் விரியும் இன்னொரு சுற்றும் கலைந்துபோகிறது. நம் கடலின்மேல் மேகம் குறையும், காற்று ஓயும், நீர் ஆவியாவது குறையும், சூடு தேங்கும். பசிபிக்கில் எல் நினோ டிசம்பர் வாக்கில் உச்சம் தொட்டால், இந்தியப் பெருங்கடல் அதற்குப் பிந்தைய மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் உச்சச் சூட்டுக்கு வரும். "எல் நினோ முடிஞ்சுபோச்சாம்" என்று செய்தி வரும் நேரம்தான் நம் கடலுக்கு நெருக்கடியான நேரம்.

அப்படியானால் வாயு கூடக் கூட எல் நினோவும் கூடுமா?

இந்தப் பக்கத்திலேயே சுவையான கேள்வி இதுதான். காரணம், அறிவியலாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் இடம் இது.

ஒரு தரப்பு இப்படிச் சொல்கிறது: ஒரு டிகிரி சூடேறினால் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. ஆனால் உலகம் முழுவதும் பெய்யும் மொத்த மழை டிகிரிக்கு 2 முதல் 3 சதவீதம்தான் கூட முடியும். மழை பெய்யும்போது வெளிப்படும் வெப்பத்தை வளிமண்டலம் விண்வெளிக்குக் கழித்துக்கட்ட வேண்டும். அந்த வேகத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. நீராவி அவ்வளவு கூடியும் மழை கொஞ்சமே கூடுகிறது என்றால், நீராவியை மேலே ஏற்றும் காற்றோட்டம் மெதுவாகத்தான் ஆக வேண்டும். ஆகவே வாக்கர் சுழற்சி தளரும், பசிபிக் எல் நினோ பக்கம் சாயும். பெரும்பாலான கணினி மாதிரிகளும் இதைத்தான் காட்டுகின்றன.

மறு தரப்பு கடலைக் காட்டுகிறது. பெரு கரைக்கு அப்பால் ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலே வந்துகொண்டே இருக்கிறது. அந்த நீர் மேற்பரப்பை விட்டுக் கீழே போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இன்றைய வாயுச் சூடு அதைத் தொட்டிருக்காது. மேற்கே நீர் சூடாகிக்கொண்டே போக, கிழக்கே குளிர்நீர் ஊறிக்கொண்டே இருந்தால் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் கூடும், காற்று பலப்படும். அதாவது எல் நினோவுக்கு நேரெதிரான லா நினா பக்கம் சாயும்.

சரி, நடந்தது என்ன? 1980 முதல் 2014 வரையான காலத்தில் வாக்கர் சுழற்சி பலப்பட்டிருக்கிறது, பசிபிக்கின் கிழக்குப் பகுதி மற்ற இடங்களைப் போலச் சூடாகவில்லை. மாதிரிகளில் பெரும்பாலானவை இதை எதிர்பார்க்கவில்லை. இது இயற்கையான நீண்ட ஊசலாட்டம், போகப் போகத் திரும்பிவிடும் என்கிறார்கள் சிலர். மாதிரிகள் கடலின் குளிர்நீரைச் சரியாகப் பிடிக்கவில்லை என்கிறார்கள் வேறு சிலர். தொழிற்சாலைத் தூசும் புகையும் காற்றோட்டத்தைக் குழப்பியிருக்கலாம் என்பது இன்னொரு கட்சி. என் தனிப்பட்ட சாய்வு, மாதிரிகளை முழுசாக நம்பாத பக்கம்தான். முப்பத்தைந்து ஆண்டுப் பதிவு ஒரு திசையில் போகும்போது, வரப்போகும் திசை வேறு என்று அடித்துச் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை குறைவு. எல் நினோ, லா நினா எத்தனை முறை வந்தாலும், அவை கொண்டுவரும் மழையின் கூடுதல் குறைவு இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் இன்னும் பெரிதாகும். காற்று எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது சுமக்கும் ஈரம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

இருமுனை என்கிறார்களே, அது என்ன?

எல் நினோவுக்கு நம் கடலில் இருக்கும் பங்காளி. 1999-ல் சாஜி, கோஸ்வாமி, வினயசந்திரன், யமகாட்டா ஆகியோர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் அதைத் தனி நிகழ்வாகப் பார்க்கத் தொடங்கியது. ஜூன் முதல் நவம்பர் வரையான மாதங்களில் சில ஆண்டுகள் சுமத்ரா கரையோரம் கடல் குளிர்ந்து, ஆப்பிரிக்கக் கரையோரம் சூடாகிவிடும். இது நேர்மறை இருமுனை. தலைகீழாக நடந்தால் எதிர்மறை.

2019-ல் வந்தது கடுமையான நேர்மறை. கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம், பிறகு வெட்டுக்கிளிப் படை. அதே கடலின் மறுகரையில் ஆஸ்திரேலியக் காடுகள் மாதக்கணக்கில் எரிந்தன. வாயு வெளியீடு இப்படியே ஏறினால் இத்தகைய கடுமையான நேர்மறை இருமுனைகள் இந்த நூற்றாண்டில் மூன்று மடங்கு அடிக்கடி வரக்கூடும் என்று 2014-ல் வெளிவந்த மாதிரிக் கணக்கு ஒன்று சொன்னது. மேற்கு இந்தியப் பெருங்கடல் கிழக்கைவிட வேகமாகச் சூடாகும் என்பதே அதன் அடிப்படை.

நமக்கு இதில் முக்கியம் வேறொன்று. நமக்கு வடக்கே, தென் அட்சரேகை 5 முதல் 10 டிகிரி வரை, சேஷெல்ஸ் தீவுகளுக்கும் சாகோஸ் தீவுகளுக்கும் இடையே, கடலின் குளிர்நீர் மேற்பரப்புக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. அங்கே ஒரு புயல் உருவானால் அது கடலைக் கலக்கிக் குளிர்நீரை மேலே கொண்டுவந்து, தன் தீனியைத் தானே கெடுத்துக்கொள்ளும். எல் நினோவும் நேர்மறை இருமுனையும் வரும்போது கிழக்கிலிருந்து ரோஸ்பி அலை என்று சொல்லப்படும் மெதுவான ஆழ்கடல் அலை மாதக்கணக்கில் நகர்ந்து வந்து, அந்தக் குளிர்நீரைக் கீழே அமுக்கிவிடுகிறது. அப்போது சூடான நீர் தடிமனாகக் கிடக்கும். புயலுக்குத் தீனி தட்டாது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பகுதியில் புயல் பிறப்பது கூடுவதைப் பழைய பதிவுகளிலேயே பார்க்கலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: இனிப் புயல் கூடுமா?

எண்ணிக்கை கூடும் என்று யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. உலக அளவில் குறையவும் செய்யலாம். ஆனால் வருகிற புயல்களில் மிகக் கடுமையானவற்றின் பங்கு கூடும் என்பதிலும், ஒவ்வொரு புயலும் கொட்டும் மழை கூடும் என்பதிலும் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை.

நம் பெரியவர்கள் இன்றும் 1960-ன் கரோல் புயலை வைத்துத்தான் வயது கணக்குப் போடுவார்கள். ஓலை வீடும் தகர வீடும் போய் இந்தத் தீவு கான்கிரீட்டுக்கு மாறியதே அதற்குப் பிறகுதான். 1975-ல் ஜெர்வேஸ், மணிக்கு 280 கிலோமீட்டர் வீச்சு பதிவானது அப்போதுதான். அவை எல்லாம் வாயு இவ்வளவு ஏறாத காலத்துப் புயல்கள். ஆகவே பலத்த காற்றைப் பார்த்ததும் "பருவநிலை மாற்றம்" என்று கைகாட்டுவது சரியில்லை. கடுமையான காற்று இங்கே எப்போதும் இருந்தது.

புதிதாகச் சேர்ந்திருப்பது என்ன? 2023-ன் ஃபிரெடியைப் பாருங்கள். பிப்ரவரித் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே பிறந்தது, இந்தியப் பெருங்கடலை முழுசாகக் கடந்தது, பிப்ரவரி 20-ல் நமக்கு வடக்கே ஒட்டிப் போனது, மடகாஸ்கரைத் தாக்கி, மொசாம்பிக்கில் கரையேறி, திரும்பக் கடலுக்கு வந்து, மறுபடி மொசாம்பிக்கிலேயே கரையேறியது. மலாவியில் அது கொட்டிய மழையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மொத்த ஆயுள் 36 நாள். உலகச் சாதனை என்று உலக வானிலை அமைப்பு 2024-ல் உறுதி செய்தது. கவனியுங்கள், அது எல் நினோ ஆண்டல்ல. மூன்றாண்டு தொடர்ந்த லா நினாவின் கடைசிக் காலம். பசிபிக் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் புயலுக்குத் தேவையான 26.5 டிகிரி நீர் வழி நெடுகக் கிடைத்தது.

எல் நினோ ஆண்டுகளில் புயல் பிறக்கும் இடம் சற்று மேற்கே, அதாவது நம் பக்கம் நகர்கிறது என்றும் பதிவுகள் காட்டுகின்றன. ஆனால் பிறந்த புயல் எந்த வழியில் போகும் என்பது அந்த வாரத்துக் காற்றைப் பொறுத்தது. நூறு கிலோமீட்டர் வடக்கே போனால் நமக்கு மழை. நேரே வந்தால் கதை வேறு.

(தமிழ்நாட்டு உறவினர்களுக்கு ஒரு தகவல்: உங்கள் புயல் இடஞ்சுழி, எங்கள் புயல் வலஞ்சுழி. பூமி சுற்றுவதால் நடுக்கோட்டுக்குத் தெற்கே எல்லாம் தலைகீழ்.)

குழாயில் தண்ணீர் இல்லை என்கிறார்கள், அடுத்த வாரமே வெள்ளம் என்கிறார்கள். எது உண்மை?

இரண்டும். ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

தீவு முழுவதற்கும் சராசரி மழை ஆண்டுக்கு சுமார் 2,000 மில்லிமீட்டர். நடு மேட்டுநிலத்தில் இதன் இருமடங்கு பெய்யும், மேற்குக் கரையில் பாதிகூடப் பெய்யாது. கடந்த நூற்றாண்டின் பதிவுகளில் மொத்த மழை மெல்ல இறங்கியிருக்கிறது. கோடை மழை தொடங்கும் நாளும் தள்ளிப்போகிறது. அக்டோபர், நவம்பரில் மார் ஓ வாக்வா நீர்த்தேக்கத்தில் கரை மண் வெடித்துக் கிடப்பதையும், தண்ணீர் விடும் நேரத்தை மணிக்கணக்கில் குறைப்பதையும் மேட்டுநில வீடுகள் அறியும்.

இதற்குப் பின்னால் இன்னொரு சுழற்சி இருக்கலாம். நடுக்கோட்டருகே ஏறிய காற்று 30 டிகிரி வாக்கில் இறங்குகிறது. இறங்கும் இடம் வறண்ட இடம். சூடு ஏற ஏற இந்த ஹாட்லி சுழற்சியின் தென் ஓரம் துருவத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. வறண்ட பட்டை அகலமாகும்போது, அதற்குச் சற்று வடக்கே 20 டிகிரியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு மழைக்காலத்தின் இரு முனைகளும் தேயக்கூடும்.

அதே நேரம், மழை பெய்யத் தொடங்கினால் கொட்டுவதற்குக் காற்றில் ஈரம் அதிகம். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயியில் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் கொட்டியது. பதினோரு பேர் இறந்தார்கள். அன்று புயல் எதுவும் இல்லை. 2024 ஜனவரி 15, பொங்கல் நாள், பெலால் புயல் பக்கத்துத் தீவான ரெயூனியனை நேரே தாக்கியது. நம் தலைநகரத் தெருக்களில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அப்போதும் நம்மைச் சாய்த்தது காற்றைவிடத் தண்ணீர்தான்.

மலையுள்ள தீவில் மழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பக்கத்து ரெயூனியனே சாட்சி. 1966-ல் டெனிஸ் புயலின்போது ஃபோக் ஃபோக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர்; 2007-ல் கமேட் புயலில் கொமெர்சோன் எரிமலை வாயருகே மூன்று நாளில் 3,900-க்கு மேல். இரண்டுமே உலகச் சாதனைகள். நம் தீவின் ஓர் ஆண்டு மழைக்குக் கிட்டத்தட்ட இருமடங்கு, மூன்றே நாளில்.

லகூனில் (கரைக்கும் பவளத்திட்டுக்கும் இடையே உள்ள கடலில்) பவளம் வெளுத்துக் கிடக்கிறது. பழையபடி வருமா?

பவளத்தின் உடம்புக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் உணவும். வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடுதலான சூடு சில வாரம் நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். உடனே சாவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் தேறும், தணியாவிட்டால் பட்டினி.

1998-ல் எல் நினோவைத் தொடர்ந்து சேஷெல்ஸ், மாலத்தீவு, சாகோஸ் எங்கும் பவளம் கொத்துக்கொத்தாகச் செத்தது. மொரிசியஸ் பெரிதும் தப்பியது. எப்படி? அந்தப் பிப்ரவரியில் அனசெல் புயல் வந்து, மேகத்தையும் மழையையும் கொண்டுவந்து, கடலைக் கலக்கிக் குளிர வைத்துவிட்டுப் போனது. புயலால் நன்மையா என்று கேட்காதீர்கள், அந்த ஆண்டு அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு எல் நினோவுக்கும் ஒரு அனசெல் வரும் என்று யாரும் எழுதித் தரவில்லை. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது.

இரண்டு வெளுப்புக்கு இடையே கிடைக்கும் இடைவெளிதான் முக்கியம். வேகமாக வளரும் இனங்களுக்கே பத்து, பதினைந்து ஆண்டு வேண்டும். போதாததற்குக் கரியமில வாயு கரைவதால் கடல்நீரின் காரத்தன்மை pH அளவுகோலில் 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது, பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவதற்கு இது இடைஞ்சல். மனிதன் தன் பங்குக்குச் செய்யக்கூடிய சிறு வேலைகள் உண்டு. நம் ரொட்ரிக்ஸ் தீவில் 2012 முதல் ஆண்டுதோறும் சில வாரம் ஊரித் என்ற சாக்குக்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிப்பதை நிறுத்திவைக்கிறார்கள். திறக்கும் நாளில் பெரிய ஊரித் கிடைக்கிறது. அது சூட்டைத் தணிக்காது. ஆனால் சூட்டில் வாடும் லகூனின் வேறொரு சுமையைக் குறைக்கும்.

கடல் மட்டம்?

1901 முதல் 2018 வரை உலகச் சராசரி 20 சென்டிமீட்டர் ஏற்றம். 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். கடற்கரைச் சவுக்கு மரங்களை (இங்கே ஃபிலாவோ என்போம்) பாருங்கள்: வேருக்கடியில் மணல் அரித்து, வேர் அந்தரத்தில் தொங்கும். ஒவ்வொரு மரத்துக்கும் கடல் மட்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. கரையில் சுவர் கட்டியதும், முன்பு லகூனில் மணல் அள்ளியதும் சேர்ந்தே அரிப்பு.

இங்கே வீசும் காற்றுதான் தமிழ்நாட்டுக்குப் பருவமழை கொண்டுபோகிறதா?

தென்மேற்குப் பருவமழையைப் பொறுத்தவரை உண்மை. நமக்குத் தெற்கே, சுமார் 30 டிகிரியில், மஸ்கரீன் உயர் அழுத்தம் என்று நம் தீவுக் கூட்டத்தின் பெயராலேயே வழங்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது பலமாக நிற்கும். அதிலிருந்து கிளம்பும் தென்கிழக்குக் காற்று நம் கரும்புத் தோட்டங்களைச் சாய்த்துவிட்டு வடமேற்கே போய், சோமாலியா அருகே நடுக்கோட்டைத் தாண்டி, வலப்புறம் திரும்பி, கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையாக நுழைகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று அங்கே சொல்லும் அதே மாதத்தில் இங்கேயும் காற்றுக்கு உச்சம். இரண்டும் ஒரே காற்றின் இரு முனைகள்.

இதில் வாயு செய்யும் வேலை இருமுகமானது. கடல் வேகமாகச் சூடாவதால் நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம் குறைகிறது. பருவக்காற்று தளர இது ஒரு காரணம். அதே காற்று சுமக்கும் ஈரமோ கூடுகிறது. நூற்றாண்டின் கணக்கில் தெற்காசியப் பருவமழை கூடும் என்றே மாதிரிகள் சொல்கின்றன. கூடுவது எப்படிப் பெய்யும் என்பதில்தான் சிக்கல்: நாலு நாள் கொட்டும், மூன்று வாரம் காயும்.

எல் நினோ காலங்காலமாக இருக்கிறது. சூரியனும் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் மனிதனைச் சொல்வது நியாயமா?

இந்தக் கேள்வி இந்தத் தீவுக்கே உரியது. பாம்பிளமூஸில் இருந்த ராயல் ஆல்பிரட் வானிலை ஆய்வகத்தின் முதல் இயக்குநர் சார்ல்ஸ் மெல்ட்ரம், 1870-களில், சூரியப் புள்ளிகள் (சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளிகள்) கூடும் ஆண்டுகளில் இந்தியப் பெருங்கடலில் புயலும் கூடுகிறது என்று எழுதினார். கப்பல் மாலுமிகளின் குறிப்பேடுகளை ஒவ்வொன்றாகத் திரட்டி அவர் போட்ட கணக்கு உலகமெங்கும் பேசப்பட்டது. கேள்வி நல்ல கேள்வி. இன்று விடை இருக்கிறது: 1970-களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனை நேரடியாக அளக்கின்றன. பதினோராண்டுச் சுற்றில் அதன் ஒளி 0.1 சதவீதம் அளவுக்கு ஏறி இறங்குகிறது. நீண்டகால ஏற்றம் இல்லை. மேலும், சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். அது குளிர்ந்துகொண்டிருக்கிறது. வெப்பம் கீழேயே பிடிபடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

எல் நினோ பழையதுதான், அதில் சந்தேகமில்லை. சுருதியை ஒரு கட்டை ஏற்றிவிட்டு அதே பாட்டைப் பாடச் சொன்னால் என்ன ஆகும்? பல்லவி தாங்கும், மேல் ஸ்தாயியில் தொண்டை கிழியும். அடிப்படைச் சூடு ஒரு டிகிரி ஏறிய கடலில் பழைய எல் நினோ வந்தாலும் பவளம் தாங்கும் எல்லையை அது எளிதில் தாண்டிவிடுகிறது.

இன்றே வாயுவை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா?

கரியமில வாயு வெளியீடு நிகரமாகச் சுழியத்துக்கு வந்தால் வெப்பநிலை ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும், இறங்காது. மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் கலைந்துவிடும் என்பதால் அதைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும். ஆழ்கடலில் இறங்கிய வெப்பமும் கடல் மட்டமும் நூற்றாண்டுக் கணக்கில் தொடரும்.

இந்தப் பருவத்துக்கு நான் எதைப் பார்த்துக்கொள்ளட்டும்?

மே மாதத்துக்கு முன் வரும் எல் நினோ கணிப்பை நம்பிக் கூரை மாற்றாதீர்கள். மார்ச் முதல் மே வரை பசிபிக் எந்தப் பக்கமும் சாயக்கூடிய நிலையில் இருக்கும், கணிப்புகள் அப்போது வழுக்கும். செப்டம்பர், அக்டோபரில் எல் நினோ நிலையையும் இருமுனை நிலையையும் பாருங்கள், அதுதான் நம்பத்தக்கது. அப்புறம் நம்மைச் சுற்றியுள்ள கடலின் சூடு. பெயர் வைப்பது பற்றியும் கேட்கிறார்கள்: தீர்க்கரேகை 55 டிகிரிக்குக் கிழக்கே 90 வரை உருவாகும் புயலுக்கு வாக்வாவில் உள்ள நம் வானிலை மையம் பெயர் அறிவிக்கும், மேற்கே மடகாஸ்கர் அறிவிக்கும், வட்டார மையம் ரெயூனியனில்.

இவை எல்லாம் பருவத்தின் போக்கைச் சொல்லும். உங்கள் வீட்டுக்கு எது வரும் என்பதை எச்சரிக்கை வகுப்புதான் சொல்லும். அதில் ஒரு நுணுக்கம். வகுப்பு 1 முதல் 4 வரை நெடுங்காலமாகக் காற்றை வைத்துக் கட்டப்பட்டவை: மணிக்கு 120 கிலோமீட்டர் வீச்சு வர இன்னும் எத்தனை மணி நேரம் என்பதே கணக்கு, வகுப்பு 4 என்றால் அது வந்தேவிட்டது. வகுப்பு 1 என்றால் காற்று தொலைவில் என்று பொருள், மழை தொலைவில் என்று பொருளல்ல. மழைக்கு எச்சரிக்கை தனியாக வரும், அதைத் தனியாகக் கேளுங்கள். போர்ட் லூயியில் வேலை என்றால், கால்வாயோரம் காரை நிறுத்தாதீர்கள், நிலத்தடி நடைபாதையில் இறங்காதீர்கள். 2013-ல் இறந்தவர்களில் பலர் அப்படிப்பட்ட தாழ்வான இடங்களில்தான் சிக்கினார்கள்.